ஒன்பது மில்லிமீட்டர்

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு.

குரு ரெஹானா பேகம், காசநோய் ஆய்வுக்கூடம் ஒன்றின் தலைவி. சீடர் டாக்டர் சாமுவேல் தவமணி. அரசு ஆஸ்பத்திரியின் காசநோய்ப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்ய வந்தவர். அவர் ரெஹானாவை "மேடம்" என்பார். ரெஹானா அவரை "சார்" என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் திணறுவார்கள்.

சாமுவேல் ஓரிடத்தில் உட்கார மாட்டார். டீயை நின்றுகொண்டே குடிப்பார். பாதியில் வைத்துவிட்டு, ரத்த மாதிரிகள் இருக்கும் உறைபெட்டியின் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போவார். அது மைனஸ் எண்பதில்தான் இருக்கும். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் போய்ப் பார்ப்பார். உறைபெட்டிக்கு வாய் இருந்தால் திட்டியிருக்கும்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. சேர்ந்த முதல் நாளே கேட்டார்.

"என் தம்பி ஜெபராஜ் ஏன் செத்தான் மேடம்? நான் ஏன் சாகல?"

கோவில்பட்டியில் மில் லைன் வீடு. ஒரே அறை. இருமிக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஒரு பக்கம் சாமுவேல் படுத்தார், இன்னொரு பக்கம் தம்பி. ஒரே சோறு, ஒரே காற்று. அப்பா மருந்து சாப்பிட்டுப் பிழைத்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்துத் தம்பிக்கு நோய் வந்தது. பத்தொன்பது வயதில் போய்விட்டான். சாமுவேலுக்கு ஓர் இருமல்கூட வரவில்லை.

"கிருமி எனக்குள்ள நுழையவே இல்ல மேடம். என் மரபணுவுல ஏதோ ஒரு பூட்டு இருக்கு, அவனுக்கு அது இல்ல. அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ரெஹானா அவரிடம் ஒரு புது நோட்டை நீட்டினார். "வேலையை ஆரம்பிங்க சார்" என்றார்.

வேலை இதுதான். காசநோயாளிகளின் வீடுகளுக்குப் போய், அவர்களோடு ஒரே அறையில் படுத்து எழுகிறவர்களின் முன்கையில், தோலுக்குள் ஒரு சொட்டு மருந்தை ஊசியால் ஏற்ற வேண்டும். இரண்டு நாள் கழித்து அந்த இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளக்க வேண்டும். பத்து மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் கிருமி உள்ளே தூங்குகிறது என்று அர்த்தம். அது விழித்துக்கொள்ளாமல் இருக்க மூன்று மாதம் மாத்திரை கொடுப்பார்கள். பத்துக்குக் கீழே இருந்தால் மாத்திரை கிடையாது. கிருமிக்கு இடம் கொடுக்காதவர் என்று எழுதி, மரபணுவைப் படிப்பதற்காக ரத்தம் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்தில் அப்படித் தொண்ணூறு பேர் கிடைத்தார்கள். அவர்களுடைய ரத்தம் திங்கட்கிழமை மரபணுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, ரெஹானா சாமுவேலை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு நோட்டுகள் இருந்தன: ஒன்று சாமுவேலுடையது, இன்னொன்று அவரைப் போலவே வீடு வீடாகப் போய் அளக்கும் நர்ஸ் குணவதியுடையது.

"குணவதி சிஸ்டர் முந்நூறு கை பார்த்திருக்காங்க சார். அதுல ஒன்பது மில்லிமீட்டர் நாலு பேருக்கு. நீங்களும் முந்நூறு கை. உங்க நோட்டுல ஒன்பது எத்தனை தெரியுமா?"

"எண்ணல மேடம்."

"முப்பத்தொன்னு. பத்து மில்லிமீட்டர் ரெண்டே ரெண்டு பேருக்கு."

சாமுவேலுக்குச் சுருக்கென்றது.

"நான் பொய் எழுதற ஆள் இல்ல மேடம்."

"தெரியும் சார்."

"முப்பது வருஷமா கை பார்க்கறேன்."

"உங்க கையை எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

இல்லை. வருஷா வருஷம் மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட மனிதர், அந்த ஊசியை மட்டும் தனக்குப் போட்டுக்கொண்டதே இல்லை. தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் அவருக்குத் தெரியுமே! காசநோய் டாக்டர்களில் இப்படிச் சிலர் உண்டு. அடுத்தவர் கையைப் பார்ப்பதிலேயே காலம் ஓடிவிடும்.

"சட்டையை மடிச்சு விடுங்க" என்றார் ரெஹானா. அவரே ஊசி போட்டார்.

அடுத்த இரண்டு நாளும் சாமுவேல் வீட்டில் இருந்த லட்சணத்தைச் சொல்லி மாளாது. ஜெபத்துக்கு உட்கார்ந்தார், பாதியில் எழுந்தார். செய்தித்தாளை ஒரே பக்கத்தில் அரை மணி நேரம் வைத்திருந்தார். விரல் மட்டும் அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

"கையில என்ன?" என்று மனைவி கேட்டாள்.

"கொசு" என்றார்.

பயம் என்று சொல்ல வெட்கம். ஆனால் பயம்தான். தம்பி செத்ததற்கு அவர் தனக்குள் வைத்திருந்த ஒரே காரணம் அந்தப் பூட்டு. அதுவும் இல்லையென்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

வியாழக்கிழமை காலையில் ரெஹானா பேனாவையும் அளவுகோலையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நீங்களே பாருங்க சார்."

அளப்பதற்கு ஒரு முறை உண்டு. பால்பாயிண்ட் பேனாவைத் தோலில் வைத்து, வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெதுவாக நகர்த்தினால், தடிப்பின் விளிம்பில் அது தானே முட்டி நிற்கும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதே மாதிரி. இரண்டு கோடுகளும் முடிகிற இடங்களுக்கு நடுவே இருக்கும் தூரம்தான் அளவு.

சாமுவேல் கோடு போட்டார். அளவுகோலை வைத்தார்.

"ஒன்பது" என்றார். பெரிதாக மூச்சு விட்டார்.

ரெஹானா பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு இரண்டு கோடுகளையும் துடைத்தார்.

"இப்ப கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க."

"எதுக்கு மேடம்?"

"போடுங்க சார்."

சாமுவேல் கண்ணை மூடினார். ரெஹானா பேனாவின் முனையை அவர் கையில் சரியான இடத்தில் வைத்துக் கொடுத்தார்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அழுத்தாதீங்க, எடுத்துருங்க. இப்ப அந்தப் பக்கம்."

அதுவும் முடிந்தது. சாமுவேல் கண்ணைத் திறந்து அளந்தார். மறுபடியும் அளந்தார். அளவுகோலைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை அளந்தார். மூன்று தடவையும் பதினான்குதான்.

அந்த அறைக்கு வந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில ஒட்டியிருக்கும்" என்றார்.

"இருக்கலாம். அப்பாகிட்டேயிருந்தும் வந்திருக்கலாம். யார்கிட்டேயிருந்து வந்துச்சுன்னு கை சொல்லாது."

"அப்போ பூட்டு?"

"உங்ககிட்ட இல்ல சார்."

சாமுவேல் மேஜைமேல் இருந்த தன் நோட்டைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை.

"பேனா நின்ன பிறகும் தள்ளியிருக்கேன் மேடம். எல்லார் கையிலயும். சத்தியமா தெரிஞ்சு செய்யல. இவங்களாவது தப்பிச்சிருக்கட்டும்னு நினைச்சுக்கிட்டே பார்ப்பேன். கை அதுபாட்டுக்குப் போயிருக்கு."

சாமுவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய கேள்வியையே கேட்டார்.

"அப்படின்னா ஜெபராஜ் ஏன் மேடம் செத்தான்? ரெண்டு பேருக்குள்ளயும் கிருமி வந்திருந்தா, அவன் மட்டும் ஏன்?"

"உங்க அப்பாவுக்கு மருந்து கொடுத்தாங்களே, அப்ப தம்பி கையை யாராவது பார்த்தாங்களா?"

"யாரும் பார்க்கல. எங்க ரெண்டு பேரையும் கூப்பிடக்கூட இல்ல. அன்னைக்கே ஒருத்தர் பார்த்திருந்தா அவன்..."

சாமுவேல் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

ரெஹானா அவருடைய நோட்டைத் திறந்தார். முப்பத்தொரு பெயர்களையும் தனியாக எழுதி வைத்திருந்த தாளை எடுத்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இவங்களைப் பார்த்தாச்சு சார். நீங்கதான் பார்த்தீங்க. ஒருத்தருக்கும் மாத்திரை போகல."