ஆட்டோ தேடிய முதலாளி

ஆட்டோ அழைக்கும் செயலியில், "ஆட்டோ தேடுகிறோம், பொறுங்கள்" என்ற வரியை நீக்கும்படி முதலாளி சபேசன் உத்தரவிட்டார்.

"திரை சுத்தமா இருக்கணும். ஒரு தடவை அழுத்திட்டுப் பேசாம இருக்கத் தெரியாதவன் முட்டாள். முடியாதுன்னா வேலையை விட்டுடு."

புதிதாகச் சேர்ந்திருந்த தமயந்தி வரியை நீக்கினாள். "முதல்ல நீங்களே கூப்பிட்டுப் பாருங்க சார்."

சபேசன் அழுத்தினார். திரை அசையவில்லை. மீண்டும் அழுத்தினார், பிறகு குத்தவே தொடங்கினார்.

சற்று நேரத்தில், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்றாக வந்த ஆட்டோக்கள் தெருவையே அடைத்து நின்றன. சபேசன் மாடி ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார்.

"யாருய்யா சபேசன்? இத்தனை வண்டியைக் கூப்பிட்டுட்டு எங்க ஒளிஞ்சிருக்கே?" என்று கீழே ஓட்டுநர்கள் கத்தினார்கள்.

தமயந்தி எட்டிப் பார்த்தாள். "அண்ணா, சார் படியிறங்கிட்டு இருக்கார்!"

கூச்சல் சட்டென்று அடங்கியது.

"எப்படிம்மா அடங்கினாங்க?"

"என்ன நடக்குதுன்னு சொன்னேன் சார். மனுஷனுக்கு அது போதும்."

"அந்த வரியை உடனே போட்டுடும்மா!"

"போடறேன் சார். நீங்க முதல்ல இறங்குங்க."