சொக்கர் வராத கூட்டம்

மதுரையில் ஒரு நகைக்கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவே நசுங்கி நிற்கிறது பாத்திர வணிகர் சங்க மண்டபம். அதைப் பெருக்கி, தண்ணீர் சுமந்து, அதன் பின்கட்டிலேயே வாழ்ந்தவர் அங்கம்மையார். முப்பத்தெட்டு ஆண்டுச் சுமையில் அவருடைய முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. வேலை மட்டும் நிற்கவில்லை.

அந்தச் சங்கத்தின் முதல் உறுப்பினர் சொக்கநாதப் பெருமான். அவர் அமர்வதற்கென்று சபையில் ஒரு பலகை உண்டு. கூட்டத்தில் முதலில் அவர் பெயரையே வாசிப்பார்கள். பலகையைக் கழுவியவர் "இருக்காரு" என்று குரல் கொடுத்தால்தான் பேச்சுத் தொடங்கும். பெருமான் வந்தமர்ந்ததாக நெஞ்சு சொன்ன பிறகே அம்மையார் வாய் திறப்பார். கணவரை எரித்த மறுநாளும் வந்து குரல் கொடுத்தார்.

இப்போது மண்டபத்தை இடித்து வணிக வளாகம் கட்ட வணிகர்களுக்கு ஆசை வந்துவிட்டது. அம்மையாருக்குக் குழாய் வைத்த அறை ஒன்று தருவதாகத் தலைவர் சோலைமலை சொன்னார். அலுத்த உடம்புக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான்.

முடிவெடுக்கும் கூட்டத்தில் சொக்கர் பெயரை வாசித்தார்கள். பதில் இல்லை. கிழவிக்குக் காது போயிற்று என்று சிலர் சிரித்தார்கள். மறுபடி வாசித்தார்கள்.

"காலைல இருந்து பாக்குறேன்யா. இன்னைக்கு அவரு வரல. பொய் சொல்ல எனக்கு வாய் வரல."

சோலைமலை கோபத்தில் அம்மையாரை அப்போதே வெளியேறச் சொன்னார். மண்டபக் காவலாளியைக் குரல் கொடுக்கச் சொன்னபோது, பலகையைக் கழுவாத தனக்கு ஏது உரிமை என்று அவர் கையை விரித்துவிட்டார். வேறு வழியின்றி, அம்மையாரை மிரட்டியாவது அழைத்து வரலாம் என்று தலைவரே தெருவுக்கு வந்தார்.

உச்சி வெயில். தார் இளகிக் கிடந்தது. எதிர்ப்புறம் துணிமூட்டையில் சாய்ந்து அம்மையார் கண்ணயர்ந்திருந்தார். அவர்மேல் மட்டும் நிழல். மரமில்லை, பந்தலில்லை, மேலே ஒரு துண்டு மேகமுமில்லை. சோலைமலை செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா" என்று மெல்லக் கூப்பிட்டார்.

அம்மையார் கண் திறவாமலே சொன்னார்: "சத்தம் போடாதீங்கய்யா. இப்பத்தான் வந்து உக்காந்திருக்காரு."

தலைவர் சுடுதரையில் விழுந்து வணங்கினார். மண்டபத்தை இடிக்கும் பேச்சு அன்றோடு போயிற்று. பெரியவர்கள் கூடிய சபையை விட்டு, களைத்தவர் படுத்த தெருவோரத்துக்குப் பெருமானையே வரவழைத்த அங்கம்மையார் திருவடிக்கு நம் வணக்கம்.