சடையாண்டியின் குதிகால் முள்

கோணலூர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அந்த ஊரில் ஒரு காரியமும் உருப்படாததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அங்கே சடையாண்டி என்று ஒருவன். அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு செவலை ஆடு. ஆட்டு வரி ஐந்து பணம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் ஆட்டை அரண்மனைக்கு ஓட்டிப்போய்விடுவார்கள். சடையாண்டியிடம் காசு இல்லை. குதிகாலில் ஒரு கருவேல முள் மட்டும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தண்டோரா போட்டார்கள். “வைத்தியரிடம் போய்வரும் வண்டிக்கூலி வரியில் கழியும்! வைத்தியச் செலவு கழியாது!”

சிநேகிதன் மருதையன் ஊசியோடு ஓடிவந்தான். “காலைக் காட்டுடா, பிடுங்கிடறேன்.”

“தொடாதே!” என்று பாய்ந்தான் பூச்சி. ஊரில் அவன்தான் அறிவாளி. “முள்ளை எடுத்துட்டா வைத்தியர்கிட்ட எதுக்குப் போவான்? போகாட்டி கூலி ஏது? கூலி இல்லாட்டி கழிவு ஏது? ஆட்டைக் காப்பாத்தப் போற முள்ளுடா இது!”

மருதையன் முள்ளைக் கும்பிட்டுவிட்டு ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டான்.

வண்டி ஓட்ட ஒச்சப்பன் வந்தான். பக்கத்து ஊர்தான், ஆனால் கோணலூரில் பெண் எடுத்தவன். போய்வர இரண்டு பணம் கேட்டான்.

“ரெண்டு கழிஞ்சா மிச்சம் மூணு நிக்குமே மாப்ளே. அஞ்சு வாங்கிக்கயேன்” என்றான் பூச்சி.

“வழி அவ்வளவுதானே இருக்கு?”

“சுத்திப் போ!”

மூன்று சிநேகிதர்களும் ஏறிக்கொள்ள, வண்டி மலையைச் சுற்றியது. மூன்று தடவை கோணலூர் வழியாகவே போனது. மூன்றாம் தடவை சடையாண்டியின் பெண்சாதி கூழோடு வாசலுக்கு வந்தாள்.

“இறங்கிக் குடிச்சிட்டுத்தான் போங்களேன்.”

“வெளியூர்ப் பயணத்துல இருக்கோம்டி. வீட்டுக்கெல்லாம் வர முடியாது.”

ஒருவழியாக வைத்தியர் வீடு வந்தது. அவர் காலைப் பார்த்தார், சிரித்தார், இடுக்கியை எடுத்தார்.

“கிட்ட வராதீங்க!” என்று மூன்று பேரும் கத்தினார்கள். “பயணம்தான் கழியும், வைத்தியம் கழியாது!” வண்டி அப்படியே திரும்பிவிட்டது. இடுக்கியைப் பிடித்தபடி வைத்தியர் வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

ஊர் வந்ததும் ஒச்சப்பன் கூலி கேட்டான். மூவரும் வெறும் மடியைத் தடவினார்கள்.

“ஆட்டைக் குடுத்துடு” என்றான் பூச்சி.

சடையாண்டி வண்டியிலிருந்து எழுந்துவிட்டான். “ஆட்டையா?”

“கூலி குடுத்தாத்தானே வரி கழியும்? வரி கழிஞ்சாத்தானே ஆடு மிஞ்சும்?”

நியாயமாகத்தான் பட்டது. கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மணியக்காரர் கூலிச்சீட்டைப் படித்தார். “சரி, ஐந்து பணம் கழியும். ஆடு எங்கே?”

“கூலிக்குக் குடுத்துட்டேங்க.”

“ஆடு இல்லையென்றால் உனக்கு வரியே இல்லை. போ.”

மூவரும் பதறிப்போனார்கள்.

“வரி இல்லாட்டி எதுலங்க கழிப்பீங்க?” என்று சடையாண்டி அழுதான். “பார்த்து ஒரு அஞ்சு பணமாவது போடுங்க சாமி!”

“ஆடு யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத்தான் வரி.” மணியக்காரர் வாசலைப் பார்த்தார். அங்கே ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒச்சப்பன் நின்றிருந்தான். “திங்கட்கிழமைக்குள் நீ கட்டு.”

ஒச்சப்பன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். பூச்சி அவன் தோளைத் தட்டினான்.

“எதுக்கு மாப்ளே கலங்குறே? வழி தெரிஞ்சவங்க நாங்க இருக்கோம். காலை நீட்டு.”

மருதையன் சட்டையிலிருந்து ஊசியை எடுத்தான். சடையாண்டியின் முள் வெளியே வந்தது. வேட்டியில் துடைத்து, ஒச்சப்பன் குதிகாலில் பதமாக ஏற்றினார்கள். வலியில் அவனுக்குக் கண் கலங்கியது, நன்றியாகவும் இருந்திருக்கலாம். அவனை வண்டியில் படுக்கவைத்து, ஆட்டைப் பக்கத்தில் கட்டிவிட்டு, சடையாண்டி மாட்டுக் கயிற்றைப் பிடித்தான்.

“ஓட்டுறது நான். கூலி அஞ்சு பணம், மாப்ளே. இல்லாட்டி ஆடு.”

“ஆடுதான் இருக்கே” என்றான் ஒச்சப்பன் நிம்மதியாக.

மலையைச் சுற்றி வண்டி கோணலூருக்குள் வந்தது. துள்ளி இறங்கி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய புருஷனைப் பெண்சாதி பார்த்தாள்.

“முள்ளை எடுத்தாச்சா? கால் சரியாப் போச்சா?”

“மெதுவாப் பேசுடி” என்றான் சடையாண்டி. “மாப்பிள்ளைகிட்ட இரவல் குடுத்திருக்கேன். ஆடு கைக்கு வந்ததும் மறக்காம திருப்பி வாங்கணும்.”