அதிகாரிக்குப் போட்ட இலை

கருவக்குளத்தில் மூன்று வருஷமாக மழை பொய்த்துப்போனது. விதைத்த நெல் முளைக்கவே இல்லை. கொஞ்ச மழைக்கே விளைகிற குதிரைவாலி விதை கேட்டு, ஊருக்கு வந்த வேளாண்மை அதிகாரி முன்னால் ஊரே நின்றது.

"காய்ஞ்ச பயிரைக் கண்ணுல காட்டுங்க, அப்பத்தான் விதை," என்றார் அவர், மீசையை நீவிக்கொண்டே.

கூலிக்காரி இருளாயி, "மொதல்ல சாப்பிடுங்கய்யா," என்று தேக்கிலை போட்டாள். அவரும் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரமாகியும் ஒன்றும் வரவில்லை.

"சோறு எங்கம்மா?"

"சோறு இல்லங்கிறது வெறும் இலையிலயே தெரியுதுல்ல? பயிர் முளைக்கலங்கிறது வெறும் வயல்ல தெரியலையாய்யா? நாங்க மூணு வருஷமா இப்படித்தான் இலை போட்டு உக்காந்திருக்கோம்."

அதிகாரி விதை கொடுப்பதற்கான தாளில் கையெழுத்துப் போட்டார்.

அவர் தெளித்த தண்ணீரை இருளாயி இலையோடு சிந்தாமல் எடுத்துப்போய், முருங்கைக்கன்றின் தூரில் விட்டாள்.