ரெசல்யூஷன் வழக்கு

“ரெசல்யூஷன்னா என்ன டீச்சர்? தீர்ப்பாச் சொல்லுங்க. அத அப்படியே கொண்டுபோய் அந்த ஆளு மூஞ்சிக்கு நேராச் சொல்லணும்.”

கேட்டவர் சங்கரபாண்டியன். இடம் குளக்கரை. ஞாயிறு காலைகளில் ஜன்னத் டீச்சர் அங்கேதான் பறவைகளைப் படமெடுக்கச் சொல்லிக்கொடுப்பார். சீடர்களில் பாதிப் பேர் டீச்சரைவிட மூத்தவர்கள்.

“எந்த ஆளு?”

“ஞானதிரவியம்தான். படத்துல எத்தனை புள்ளி இருக்கோ, அதுதான் ரெசல்யூஷனாம். ஒட்டி ஒட்டி இருக்குற ரெண்டை ரெண்டாவே காட்டுற திறமைதான் ரெசல்யூஷன்னு நான் சொல்லுதேன். ஒரு மாசமாப் பேச்சு இல்ல.”

பேச்சு போனது மட்டுமா? இருவரும் சேர்ந்து வாங்கிய பெரிய லென்ஸ் ஞானதிரவியம் வீட்டில் மாட்டிக்கொண்டது. அதைத் தாங்கும் ஸ்டாண்ட் இவர் வீட்டில். ஸ்டாண்ட் இல்லாமல் அவருக்குக் கை நடுங்கும். லென்ஸ் இல்லாமல் இவர் ஸ்டாண்டை வைத்துப் பந்தலா போடுவது? பறவைகள் கூடு கட்டி, குஞ்சும் பொரித்தாயிற்று. ஒரு நல்ல படம் இல்லை. உள்ளுக்குள் சங்கரபாண்டியனுக்கு அழுகைதான். ஆனாலும் வீம்பு.

குளத்து நடுவில் நின்ற கருவேல மரத்தை டீச்சர் காட்டினார். உச்சியில் கறுப்பாக ஏதோ இருந்தது.

“அங்க இருக்குற பாம்புத்தாராப் பறவை ஒண்ணா, ரெண்டா? படம் எடுத்துக் காட்டுங்க அண்ணாச்சி. அப்புறம் தீர்ப்பு.”

சங்கரபாண்டியன் தன் சின்ன லென்ஸில் எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தார். கட்டம் கட்டமாகக் கறுப்புதான் வந்தது.

“ஒண்ணு மாதிரி இருக்கு.”

“மாதிரி வேண்டாம்.”

கரையின் மறுகோடியில் ஞானதிரவியம் பெரிய லென்ஸைத் தூக்கிப் பிடித்து, அதே மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சங்கரபாண்டியன் பார்த்தார். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். மறுபடியும் பார்த்தார். சனியன் என்று முனகியபடி ஸ்டாண்டைத் தூக்கித் தோளில் போட்டு நடந்தார்.

போய், அவர் முன்னால் ஊன்றினார்.

“வையும்வே.”

ஞானதிரவியம் லென்ஸை அதன்மேல் வைத்தார். ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து பார்த்தார்கள்.

கறுப்பு அசைந்தது. ஒரு கழுத்து நீண்டது. அதன் பின்னாலிருந்து இன்னொரு கழுத்து.

“ரெண்டுவே” என்றார் சங்கரபாண்டியன்.

“ரெண்டா? நல்லாப் பாரும். கீழ குஞ்சு வாயத் தொறக்கு.”

“எங்கவே? தள்ளும்.”

“ஒம்ம தலைய எடும் முதல்ல.”

சங்கரபாண்டியனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதத்துச் சந்தோஷமும் மொத்தமாக வந்து சேர்ந்தாற்போல் இருந்தது.

பின்னால் டீச்சர் வந்து நின்றார்.

“என்ன அண்ணாச்சி, தீர்ப்பு சொல்லட்டுமா? ரெசல்யூஷன்னா...”

இருவரும் ஒரே நேரத்தில் வாயில் விரலை வைத்தார்கள்.

“சத்தம் போடாதீங்க டீச்சர். தாய் இப்பத்தான் இரை கொடுக்கு.”