எழுதாத சீட்டு

மூன்று பட்டம் வாங்கிய புதுப் போதகர் சற்குணம் ஐயர், பிரசங்கம் முடிந்ததும் வழக்கப்படி ஜெபப் பெட்டியைத் திறந்தார். சபையார் எழுதிப் போட்ட விண்ணப்பங்களை உரக்க வாசித்து ஜெபித்துக்கொண்டே வந்தவர், ஒரு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் எழுத்துகூட இல்லை.

"யார் பார்த்த வேலை இது?"

கோயில் பெருக்கி மணியடிக்கும் கிருபைக்கனி எழுந்து நின்றாள். "நாந்தான் ஐயா. எனக்கு எழுதத் தெரியாது."

"சபையைக் கேலி பண்ணுகிறாயா? இதில் என்ன இருக்கிறதென்று எல்லாரும் கேட்க வாசி. இல்லையென்றால் நாளைக்கு வேறு ஆள் மணியடிக்கட்டும்."

வேலை போனால் அடுப்பு எரியாது. வாசித்தாலோ, அவள் மனசுக்குள் வேண்டிப் போட்ட மகள் வீட்டுச் சங்கதி சந்திக்கு வந்துவிடும். சீட்டை வாங்கினாள். பீடத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மடித்தாள்.

"வாசிச்சாச்சு ஐயா."

"என் காதில் ஒன்றும் விழவில்லையே!"

"உங்களுக்கு விழாது ஐயா. நாம வாயைத் திறக்கும் முன்னாலயே ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்னு இவ்வளவு நேரம் நீங்கதான பேசினீய? நான் நம்பிட்டேன். நீங்க நம்பலியா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயர் அடுத்த சீட்டை எடுத்தார்.

மறு ஞாயிறு ஐயர் இரண்டு சீட்டுகளை வாசிக்காமலே பீடத்தில் வைத்தார். ஆராதனை முடிந்து பெருக்கும்போது கிருபைக்கனி பார்த்தாள். ஒன்று அவளுடையது. மற்றது ஐயர் மேசையில் அவள் தினமும் தூசி தட்டுகிற அடுக்கிலிருந்து எடுத்த, அவர் பெயரும் பட்டங்களும் அச்சடித்த கடிதத்தாள். அச்சுக்குக் கீழே ஒரு மைப்பொட்டுகூட இல்லை.

இந்த மனுஷனுக்கு வெளியே சொல்ல முடியாத என்ன பயமோ என்று நினைத்துக்கொண்டே அந்தத் தாளைத் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தாள்.