மாமனார் கொடுத்த கேசட்

புத்தியை இலவசமாகக் கொடுத்தாலும் வரிசையில் நிற்க ஆள் வராத ஊர் பூவாங்குளம். அந்த ஊரின் பெருமை இடிமின்னல் மெல்லிசைக் குழு. கிட்டார் சூசை, டிரம்ஸ் லூர்து, பாட்டு பனிமயம். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் தகராறு.

சூசைக்கு மிக்கேலின் மகள் பிலோமினாவைக் கட்ட ஆசை. மிக்கேல் ஒரு பழைய பாட்டுக் கேசட்டை நீட்டினார். கோயில் திருவிழாவில் இதில் வரும் கிட்டாரை அப்படியே வாசித்தால் பெண் உண்டு, இம்மி பிசகினாலும் கிடையாது என்றார். பாவம், சூசைக்குச் சோறு இறங்கவில்லை.

அது மிக்கேலின் டிராக்டரில் பல காலம் வெயில் தின்று கிடந்த கேசட். போட்டுக் கேட்டால், கிட்டார் வரும் இடத்தில் நாடா இழுத்தது, முனகியது, பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எலே, இந்த முனகலையும் வாசிக்கணுமா?" என்று கேட்டான் லூர்து.

"அப்படியேன்னுல்லா சொல்லிருக்காரு" என்றான் சூசை.

பனிமயம் நெடுநேரம் யோசித்தான். "முனகல் லேசுதாம்ல. சத்தமே இல்லாத இடந்தான் கஷ்டம். அதத்தான் நல்லா பழகணும்."

அன்று முதல் மூவரும் தினமும் சும்மா உட்கார்ந்து பயிற்சி எடுத்தார்கள். குழு இவ்வளவு நன்றாக வாசித்ததே இல்லை என்று அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள்.

திருவிழா வந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். சூசைக்கு அந்தச் சாக்கும் தெரியாது. சேற்றில் சிக்கிய எருமை போல கிட்டார் இழுத்தது, முனகியது. பிள்ளைகள் அழுதன. ஐஸ்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடினார். பிறகு மூவரும் அசையாமல் நின்றார்கள். கரண்ட் போய்விட்டது என்று மைக்செட்காரர் ஜெனரேட்டரைப் போட்டார்.

திடீரென்று பனிமயம் "டக்" என்றான். மூவரும் திரும்பி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி வாசிக்கத் தொடங்கினார்கள். மிக்கேல் மேடையேறினார்.

"எதுக்கு முதுகக் காட்டுத?"

"ஏ பக்கம் முடிஞ்சிட்டு மாமா. இது பி பக்கம்."

மிக்கேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "மருமவனே," என்று கட்டிக்கொண்டார்.

கல்யாணத்தன்று சூசை பின்பக்கமாகவே நடந்து கோயிலுக்குள் வந்தான். பீடத்துக்கு முன் நின்றதும் சாமியாருக்கு முதுகுதான் தெரிந்தது; அந்த முதுகிடம்தான் சம்மதமா என்று கேட்டார். ஆல்பத்திலும் எல்லாம் முதுகுப் படங்களே. கேசட்டைத் திருப்பிப் போடச் சொல்லி மாமனார் இன்னும் வாய் திறக்கவில்லையாம்.